ஓய்வூதியம்: ஒரு வியாபாரியின் பேரேட்டுக் கணக்கு

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் கல்வெட்டு, பள்ளிச்சந்தம், நிகண்டு என்று எதையாவது எழுதிக் கொடுப்பது அடியேன் வழக்கம். எவர்சில்வர் பாத்திரக் கடைக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிரித்தவர்களும் உண்டு. படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசியவர்களும் உண்டு. இம்முறையும் செயலாளர், "கல்வெட்டு ஒன்றை எடுத்துக்குங்க ஐயா" என்றுதான் சொன்னார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் சென்ற தீபாவளியன்று என் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சு ஒன்று என்னை வேறு பக்கம் இழுத்துவிட்டது. கல்வெட்டும் நடுவில் ஓரிடத்தில் வரும். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அன்று கூடத்தில் மூன்று பேர். முதலாமவர் என் அக்காள் கணவர். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து 2003-ல் ஓய்வு பெற்றவர், வயது 82. இரண்டாமவன் அவருடைய மகன், என் மருமகன். 2006-ல் அதே ரயில்வேயில் சேர்ந்தவன். மூன்றாமவர் என் கடையில் 1984 முதல் 2019 வரை 35 ஆண்டுகள் வேலை செய்த பெரியவர், தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர், வயது 71. தீபாவளிக்குத் தீபாவளி வேட்டியும் பலகாரமும் வாங்கிக்கொள்ள வருவார்.

அகவிலைப்படி ஏறியிருப்பதைப் பற்றி மாமா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு டெல்லி ஏத்துது, எனக்கு ஷேர் மார்க்கெட் ஏறினாத்தான் உண்டு மாமா" என்று மருமகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பெரியவர் பலகாரப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "மொதலாளி, எனக்கு எந்த ஆபீஸ்ல போய்க் கேக்கணும்?" என்றார். குத்திக்காட்டுகிற மனிதர் அல்லர் அவர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாமாவின் கணக்கு. பழைய ஓய்வூதியம் என்பது மிக எளிமையானது. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி, உயிருள்ளவரை. மாமா ஓய்வு பெற்ற காலத்தில் முழுத் தொகைக்கு 33 ஆண்டு சேவை வேண்டியிருந்தது. இதற்கென்று ஊழியர் தன் சம்பளத்திலிருந்து ஒரு பைசாவும் கட்டுவதில்லை. விலைவாசி ஏறினால் ஆண்டுக்கு இரு முறை அகவிலைப்படி ஏறும். அவர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது: 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயது கண்டவருக்கு நூறு சதவீதம், அதாவது இரட்டிப்பு. முதுமை ஏற ஏற மருந்துச் செலவு ஏறும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? தனியாக எந்தப் பெட்டியிலும் சேர்த்து வைக்கவில்லை. அந்தந்த ஆண்டு அரசு வசூலிக்கும் வரியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். வரி என்றால் வருமான வரி மட்டும் அல்ல. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி உண்டு. ஆகவே தாராவிப் பெரியவரும் அரசு ஓய்வூதியத்துக்குத் தம்மால் ஆனதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மாமா இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் பேரேட்டில் இருப்பதை எழுதத்தானே வேண்டும்?

ஓய்வூதியம் அரசன் போடும் பிச்சையா, ஊழியனின் உரிமையா என்ற கேள்விக்கு நம் நாட்டில் தெளிவான விடை கிடைத்த நாள் 1982 டிசம்பர் 17. நாகரா வழக்கு என்று பெயர். டி.எஸ். நாகரா என்பவர் பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்றவர். 1979-ல் அரசு ஓய்வூதியக் கணக்கீட்டைத் தாராளமாக்கியது; ஆனால் அவ்வாண்டு மார்ச் 31 முதல் ஓய்வு பெறுவோருக்கு மட்டும் என்று கோடு போட்டுவிட்டது. ஒரு நாள் முன்னால் ஓய்வு பெற்றவனுக்குக் குறைவு, ஒரு நாள் பின்னால் பெற்றவனுக்கு அதிகம். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில், அந்தக் கோட்டை அழித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். ஓய்வூதியம் எசமானரின் தயவால் வருவது அல்ல. செய்து முடித்த உழைப்புக்குரிய உரிமை. ஒரே வகையான மக்களை ஒரு தேதியை வைத்துக் கூறு போடுவது அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் ஓய்வூதியர்கள் டிசம்பர் 17-ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்று நால்வகைத் தானம் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். வயதானவனுக்குச் சோறு போடுவது தானம், புண்ணியம் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: உழைத்து முடித்தவனுக்குக் கொடுப்பது தானக் கணக்கில் வராது, பாக்கிக் கணக்கில்தான் வரும்.

ஆனால் நாகரா அழித்த கோட்டை 21 ஆண்டுகள் கழித்து வேறிடத்தில் மறுபடி போட்டார்கள். அது எப்படி வந்தது என்பது கொஞ்சம் விசித்திரமான கதை. 1998-ல் மத்திய சமூக நீதி அமைச்சகம் எஸ்.ஏ. தவே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 'ஒயாசிஸ்' என்று அதற்குப் பெயர். பாலைவனச் சோலை என்று பொருள். எந்த ஓய்வூதியமும் இல்லாத கோடிக்கணக்கான உழைப்பாளிகள், அதாவது ரிக்‌ஷா ஓட்டுபவர், கடைப் பையன், விவசாயக் கூலி ஆகியோர், இளமையில் சிறுகச் சிறுகச் சேர்த்து முதுமையில் உண்ண வழி காண்பதே அதன் நோக்கம். தனித்தனிக் கணக்கு, சந்தையில் முதலீடு, கடைசியில் சேர்ந்த தொகையை வைத்து மாத வருமானம் என்று அது 2000-ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. அரசு என்ன செய்தது? யாருக்காகச் சோலை கேட்டார்களோ அவர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, அந்த வரைபடத்தைத் தன் சொந்த ஊழியர் மேல் முதலில் பொருத்தியது. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேரும் மத்திய அரசு ஊழியருக்கு, முப்படையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் கிடையாது. இதுதான் புதிய ஓய்வூதியத் திட்டம். என் மருமகன் 2006-ல் சேர்ந்தவன். அப்பாவும் பிள்ளையும் ஒரே ரயில்வே, ஒரே ரேஷன் அட்டை. நடுவில் ஒரு தேதி.

தமிழ்நாடு இதில் மத்திய அரசுக்கும் முந்திக்கொண்டது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த மாநில அரசு ஊழியருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆணை வந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஓய்வூதியச் சலுகைகள் பறிபோனதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாம் அதே பேச்சு. பின்னர் உச்ச நீதிமன்றம் தலையிட்டுப் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி அணி தமிழகத்தின் 39 இடங்களையும் இழந்தது. வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அரசு ஊழியர் வீட்டு ஓட்டை எளிதாக எண்ணக் கூடாது என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் அன்று குறித்துக்கொண்டன.

புதிய திட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நான் வாக்களித்த கல்வெட்டு உதவும். சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தாவிளக்கு வைக்க 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். முதல் குறையாது, பலன் மட்டும் வந்துகொண்டே இருக்கும். புதிய திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். ஊழியர் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் போடுகிறார். அரசு முதலில் 10 சதவீதமும் 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதமும் போடுகிறது. அது மந்தையாகப் பெருகுகிறது. ஓய்வு பெறும்போது 60 சதவீதம் வரை கையில் வாங்கலாம். மீதி 40 சதவீதத்தைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் கொடுத்து மாதாமாதம் நெய் வாங்க வேண்டும். ஐம்பது லட்சம் சேர்ந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சத்தை அப்படிக் கொடுத்து ஆண்டுக்கு 6 சதவீதம் கிடைத்தால் மாதம் 10,000 ரூபாய். அந்தப் பத்தாயிரம் இருபது ஆண்டு கழித்தும் பத்தாயிரமே. அகவிலைப்படி கிடையாது. சோழன் காலத்து இடையருக்கு ஆடு குறைந்தால் அவர் பொறுப்பு. இங்கே மந்தை மெலிந்தால் மேய்ப்பவருக்கு நஷ்டமில்லை, விளக்கு வைத்தவனுக்குத்தான் நஷ்டம். மருமகனின் கவலை இதுதான். நியாயமான கவலை.

அரசுகளின் கவலையும் பொய்யல்ல. ஆயுள் கூடுகிறது, ஊதியக் குழுக்கள் சம்பளத்தை உயர்த்த உயர்த்தப் பாதியும் உயர்கிறது, ஒரு கட்டத்தில் வேலை பார்ப்பவர் சம்பளத்துக்கு அடுத்தபடி, வேலை பார்த்து முடித்தவர் ஓய்வூதியம் நிற்கிறது. அதனால்தான் வாஜ்பாய் அரசு தொடங்கியதை மன்மோகன் சிங் அரசு தொடர்ந்தது. 2013-ல் ஓய்வூதிய ஒழுங்கு ஆணையச் சட்டம் இரு பெரிய கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றியது. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். மேற்கு வங்காளம் மட்டும் கடைசிவரை பழைய திட்டத்தை விடவே இல்லை.

2004-ல் சேர்ந்தவர்கள் தலை நரைக்கத் தொடங்கியதும் அரசியல் திரும்பியது. ராஜஸ்தான் 2022 பிப்ரவரியில் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தது. சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப் தொடர்ந்தன. இமாசலப் பிரதேசத்தில் 2022 தேர்தலின் முதல் பேச்சே இதுதான். சிறிய மாநிலம், வீட்டுக்கு வீடு அரசு ஊழியர். ஆட்சி மாறியது, பழைய திட்டம் வந்தது. 2023-ல் ரிசர்வ் வங்கி அலுவலர்கள் எழுதிய ஆய்வு ஒன்று, எல்லா மாநிலங்களும் திரும்பினால் நீண்டகாலச் சுமை புதிய திட்டத்தைப் போல நாலரை மடங்கு வரை போகலாம் என்று எச்சரித்தது. மத்திய அரசு டி.வி. சோமநாதன் என்ற நம் தமிழ்நாட்டு அதிகாரி தலைமையில் குழு போட்டு, 2024 ஆகஸ்டு 24 அன்று ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று நடுவழி ஒன்றை ஏற்றது. ஊழியர் 10 சதவீதம் கட்ட வேண்டும், அரசு 18.5 சதவீதம். 25 ஆண்டு சேவை இருந்தால் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி உறுதி. விலைவாசிப் படியும் உண்டு. பத்தாண்டு வேலை பார்த்தாலே குறைந்தது 10,000. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. எதில் சேர்வது என்று முடிவு செய்யும் கெடுவை ஜூன், செப்டம்பர், நவம்பர் என்று நீட்டிக்க வேண்டி வந்தது. மருமகன் மூன்று மாதம் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தான்.

இதுவரை எழுதியதெல்லாம் நம் நாட்டு உழைப்பாளிகளில் ஒரு சிறு பகுதியினரின் கதை. அர்ஜுன் சென்குப்தா ஆணையம் கணக்கெடுத்தபோது, சமூகப் பாதுகாப்பு எதுவும் இல்லாத முறைசாராத் தொழிலாளர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்தார்கள். இருபது ஆண்டாகச் செய்தித்தாளில் வந்த பென்ஷன் சண்டையெல்லாம் மிச்சமுள்ளவர்களுக்குள் நடந்த சண்டை.

அவர்களுக்குள்ளும் படிக்கட்டு உண்டு. தனியார் ஆலையில், கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு 1995 நவம்பரில் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 35 வருஷம் உழைத்தாலும் 7,500 ரூபாய். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய், 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. விலைவாசிப் படி கிடையாது. அந்த ஆயிரத்தை 7,500 ஆக்குங்கள் என்று முதியவர்கள் டெல்லிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் தேர்தல் சாவடியில் மை வைக்கும் ஊழியர் அல்லர். வேலைநிறுத்தம் செய்ய வேலையும் இல்லை. யார் பயப்படுவார்கள்?

அதற்கும் கீழே தேசிய முதியோர் ஓய்வூதியம். 1995 ஆகஸ்டு 15-ல் மாதம் 75 ரூபாயாகத் தொடங்கியது. பின்னர் 200 ஆக்கினார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள, 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு இன்றும் அதே 200 ரூபாய்தான். நாளைக்கு ஆறே முக்கால் ரூபாய்கூட இல்லை; மும்பையில் ஒரு கட்டிங் சாய்க்குக் காணாது. எண்பது வயதானால் 500. மேலே சொன்ன எண்பது வயதுக் கூடுதலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதால் ஓரளவு மானம் பிழைக்கிறது. தமிழ்நாடு 2011-ல் 1,000 ஆக்கி, 2023-ல் 1,200 ஆக்கியது. நம் மராட்டியத்தில் 2023 முதல் 1,500. இன்னொரு படியும் மேலே இருக்கிறது: ஒரே ஒரு தடவை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்கு 2023 ஏப்ரல் முதல் மாதம் 31,000. அது சந்தையில் முதலீடு செய்யப்படுவதில்லை.

இனி என் கடைக்கு வருகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 20 பேராவது வேலை செய்யும் இடத்துக்கு. பணிக்கொடைச் சட்டம் 10 பேருக்கு. என் கடையில் எப்போதும் ஆறு பேர். ஆகவே நான் சட்டத்தை மீறவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் ஆள் கூடினால் அண்ணன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று கடையைப் பிரித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த உபாயம். அந்த இருபது என்ற எண்ணுக்குப் பயந்து வளராமல் இருந்த கடைகளை நான் அறிவேன்.

இதே மும்பையில் இன்னொரு சட்டம் உண்டு. அண்ணாசாகேப் பாட்டீல் முதலியோர் போராடி 1969-ல் வந்த மாத்தாடிச் சட்டம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கு நிலையான முதலாளி கிடையாது. இன்று இவர் லாரி, நாளை அவர் லாரி. ஆகவே போர்டு ஒன்றை நடுவில் வைத்தார்கள். வியாபாரி கூலியோடு ஒரு லெவியும் போர்டில் கட்ட வேண்டும். அதிலிருந்து வைப்பு நிதி, பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம். சரக்கு இறங்கும்போதெல்லாம் அந்த லெவியைப் பார்த்து முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். என் பாத்திரக் கட்டை லாரியிலிருந்து நடைபாதைவரை இறக்கியவருக்கு முதுமைக்கு ஏதோ இருக்கிறது. நடைபாதையிலிருந்து பரண்வரை 35 ஆண்டுகள் ஏற்றியவருக்கு ஒன்றும் இல்லை. முதலாளி இல்லாதவனுக்கு வழி கண்டார்கள்; முதலாளி உள்ளவனுக்கு முதலாளியே காண்பான் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

தீபாவளி கழிந்து பெரியவருடன் நானே அலுவலகம் போனேன். 65 வயது தாண்டியவருக்கு மராட்டிய அரசு தரும் 1,500 ரூபாய்க்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 21,000-க்குள் இருக்க வேண்டும். நாளைக்கு 58 ரூபாய். மகன் சம்பாதிக்கிறான், வரம்பைத் தாண்டிவிட்டது. "மகன் தனியா இருக்கான்னு எழுதிக் குடுங்க, ஆயிடும்" என்று வரிசையில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். பெரியவர் மாட்டேன் என்றார். "கூட வச்சுச் சோறு போடுற பயல, இல்லேன்னு எப்படி மொதலாளி எழுதுறது?" திரும்பி வந்துவிட்டோம்.

2019-ல் சிறு வணிகருக்கென்றே மாதம் 3,000 தரும் திட்டம் வந்தது. 18 முதல் 40 வயதுவரை உள்ளவர்தான் சேரலாம். எனக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே நானும் பெரியவரும் அந்த வகையில் ஒரே வரிசைதான். வித்தியாசம், எனக்குக் கடை இருக்கிறது. கடையிலிருந்து மாதம் ஒரு தொகை அவருக்குக் கொடுத்து வருகிறேன். அதற்கு ரசீது இல்லை, சட்டம் இல்லை. என் மகன் புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஷட்டரைத் தூக்க வரமாட்டான். நான் ஷட்டரை இறக்கும் நாளில் அந்தத் தொகையும் நிற்கும்.

அவருடைய மகன் இப்போது என் கடையில்தான் இருக்கிறான். 2016-ல், அவனுக்கு 30 வயதானபோது, அடல் பென்ஷன் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். மாதம் 577 ரூபாய். 2046 முதல் மாதம் 5,000 வரும். ஆண்டுக்கு 5 சதவீத விலையேற்றம் என்று வைத்தாலும் அந்த 5,000 ரூபாய் 2016-ன் 1,150-க்குத்தான் சமம். இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கணக்கில் பணம் இல்லாவிட்டால் தவணை தவறி அபராதம் விழும். அதனால் மாதம் பிறந்தால் கல்லாவைத் திறப்பதற்கு முன் அவனிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "பேங்க்ல அறுநூறு ரூபா கிடக்கா?"